குன்றின் தலையில் ஒரு குளம்

பெரியப்பா மகள் வழியில் எனக்கு ஒரு மருமகன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். போன டிசம்பரில் பத்து நாள் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தான். வந்த மறுநாள் காலையில் எங்கள் பதினொன்றாம் மாடித் தாழ்வாரத்தில் காப்பித் தம்ளரோடு நின்று வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் கடலில் நிற்கும் கப்பல்களைத்தான் பார்க்கிறான் என்று நினைத்தேன். திரும்பி, "மாமா, உங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டியே இல்லையா?" என்றான்.

கேள்வி வேடிக்கையாக இருந்தாலும் கேட்டவனுக்கு விஷயம் தெரியும். அவனுடைய அப்பா, அதாவது எங்கள் அத்தான், ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர். விடியற்காலையில் மோட்டார் போடுவது, தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்துவது, தெருத் தெருவாகப் போய் வால்வு திறந்து விடுவது, இதுதான் அவருடைய முப்பது வருடம். தமிழ்நாட்டில் பஸ் ஒரு கிராமத்தை நெருங்கும்போது முதலில் கண்ணில் படுவது ஒன்று கோயில் கோபுரம், இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டி. நாலு கால், சுற்றிக்கொண்டு ஏறும் படி, உச்சியில் காளான் குடைபோல ஓர் உருண்டை. அதில் 'கொள்ளளவு 30,000 லிட்டர்' என்று பெரிய எழுத்து, கட்டிய ஆண்டு, திட்டத்தின் பெயர். கோரிக்கை நிறைவேறாதவர்கள் ஏறி நின்று குதிக்கப்போவதாக மிரட்டுவதும் அதன் மேலிருந்துதான். அதன் நிழலில் வளர்ந்தவனுக்கு, அறுபது லட்சம் பேர் வாழும் ஒரு தீவில் ஒரு தொட்டிகூடக் கண்ணில் படாதது உறுத்தியிருக்கிறது.

எதிர் புளோக்கின் மொட்டைமாடியைக் காட்டினேன். "அதோ, அந்தச் சதுர அறைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு புளோக்குக்கும் உண்டு."

"அது வீட்டுத் தொட்டி, மாமா. ஊர்த் தொட்டி எங்கே?"

வீட்டுத் தொட்டி, ஊர்த் தொட்டி. பிரித்துச் சொன்ன விதத்தில் அத்தானின் குரல் கேட்டது. பதில் எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. என் அப்பா முப்பத்தேழு ஆண்டுகள் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் வேலை பார்த்தவர். 1957இல் முனிசிபலில் சேர்ந்தார். அப்போதே அது சிட்டி கவுன்சில் ஆகிவிட்டது, ஆனாலும் எங்கள் ஆட்கள் கடைசிவரை முனிசிபல் என்றுதான் சொன்னார்கள். 1963 மே முதல் தேதி பொதுப் பயனீட்டுக் கழகம் பிறந்தது. அப்பாவின் சட்டை மாறியது, சம்பளச் சீட்டு மாறியது, கையிலிருந்த வால்வு சாவி மட்டும் மாறவில்லை.

இதே கேள்வியை நான் சிறுவனாக இருந்தபோது அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். ஏதோ ஒரு தமிழ்ப் படத்தில் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டேன். அவர் சொன்னார்: "நம் ஊரில் தொட்டிக்குக் கால் கட்ட வேண்டியிருக்கவில்லை. கால் ஏற்கெனவே முளைத்திருந்த இடமாகப் பார்த்து வைத்துவிட்டான் வெள்ளைக்காரன்."

மருமகனை அந்தக் கால்களைப் பார்க்க அழைத்துப் போனேன். செந்தோசாவும் மரினா பேயும் எங்கேயும் ஓடிவிடாது.

லிட்டில் இந்தியாவின் சந்தைப் பகுதியான தேக்காவிலிருந்து புறப்பட்டோம். புக்கிட் தீமா சாலையையும் ரோச்சோர் கால்வாயையும் கடந்தால் மெக்கன்சி சாலை. பழைய ரெக்ஸ் தியேட்டர் அங்கேதான். 1946இல் திறந்தது. தியேட்டரைத் தாண்டியதும் சாலை மேலே ஏறத் தொடங்குகிறது. மெதுவான ஏற்றம்தான், ஆனால் ஐம்பத்தேழு வயது முழங்காலுக்கு நன்றாகவே தெரிகிறது. மேலே போனால் மவுண்ட் எமிலி பூங்கா. பெரிய மரங்கள், புல்வெளி, சிறுவர் விளையாட்டுத் திடல், நாயோடு நடக்கும் ஒன்றிரண்டு பேர். தேக்காவின் இரைச்சலுக்கு இத்தனை பக்கத்தில் இப்படி ஓர் அமைதி இருப்பது தேக்காவுக்கு வாரம் தவறாமல் காய்கறி வாங்க வரும் பலருக்கே தெரியாது.

"இதுதான் ஊர்த் தொட்டி" என்றேன்.

அவன் புல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மரியாதை தெரிந்த பையன், சிரிக்கவில்லை.

இனி நான் சொன்ன கதை.

இந்தத் தீவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர், குடிக்கத்தான் உதவாது. 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது ஊர் சின்னது. ஃபோர்ட் கேனிங் குன்றின் மேற்குச் சரிவில் ஓர் ஊற்று இருந்தது. பழைய மலாய் அரசர் காலத்தில் அந்தப்புரப் பெண்கள் குளித்த இடம் என்று சொல்வார்கள். ஆங்கிலேயர் அந்த ஊற்று நீரைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கொடுத்தார்கள். 1830 வாக்கில் அது வற்றிவிட்டது. குன்றைச் சுற்றி ஆளாளுக்குக் கிணறு தோண்டியதில் ஊற்றுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்து வயலில் ஆழ்துளைக் கிணறு போட்டால் நம் கிணறு என்ன ஆகும் என்பதை மன்னார்குடிக்காரனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊர் பெருத்தது. தண்ணீர் மாட்டு வண்டியில் வந்தது. சைனாடவுனை மலாய்க்காரர்கள் கிரேத்தா ஆயர் என்கிறார்கள், தண்ணீர் வண்டி என்று பொருள். சீனர்கள் வைத்த பெயரிலும் மாடு, வண்டி, தண்ணீர் மூன்றும் இருக்கின்றன. ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து பீப்பாயில் நிரப்பி இழுத்துக்கொண்டு போவார்கள். மாட்டுத் தொழில் செழித்த இடமோ இங்கே, குன்றின் அடிவாரத்தில். இந்த வட்டாரத்தின் மலாய்ப் பெயரான கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். பஃபலோ சாலை இன்றைக்கும் தேக்கா சந்தையை ஒட்டி ஓடுகிறது. ரோச்சோர் கரையில் தண்ணீர் இருந்தது, புல் இருந்தது. மாடு வந்தது. மாட்டின் பின்னால் நம் ஆட்கள் வந்தார்கள். லிட்டில் இந்தியா ஏன் இங்கே உருவானது என்று கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்லும் பதில் இது. வரலாற்றுப் பேராசிரியர்கள் இன்னும் நாலு காரணம் சேர்ப்பார்கள், சேர்க்கட்டும்.

1857இல் தான் கிம் செங் என்ற சீன வணிகர் ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரப் பதின்மூவாயிரம் வெள்ளி கொடுத்தார். அன்றைக்கு அது பெரும் பணம். தாம்சன் சாலைப் பக்கம் காட்டுக்குள் அணை கட்டி மழைநீரைத் தேக்குவது என்று முடிவானது. அணை 1868இல் முடிந்தது. அதுதான் இன்றைய மெக்ரிட்சி நீர்த்தேக்கம். அந்தப் பெயர் வந்ததெல்லாம் 1922இல்.

அணை முடிந்தும் ஊருக்குத் தண்ணீர் வரவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காட்டுக்குள் ஏரி நிறையத் தண்ணீர், சில மைல் தள்ளித் தாகத்தோடு ஊர். நடுவில் பம்ப்பும் இல்லை, ஒழுங்கான குழாயும் இல்லை. அவை வந்து சேர மேலும் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. பணம் கொடுத்த தான் கிம் செங் 1864இலேயே இறந்துவிட்டார். அவர் நினைவாக 1882இல் ஒரு நீரூற்று வைத்தார்கள். எஸ்பிளனேட் பூங்காவில் இப்போதும் இருக்கிறது. தண்ணீர் கேட்டுப் பணம் கொடுத்தவருக்கு அலங்கார நீரூற்று. எந்த ஊரானாலும் நகராட்சி நகராட்சிதான்.

தண்ணீரைத் தேக்குவது ஒரு வேலை, உயர்த்துவது வேறு வேலை. பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீரை வைத்தால், அடியில் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். நாற்பது மீட்டரில் வைத்தால் நான்கு மடங்கு. அதற்கு மேல் யாரும் எதுவும் செய்ய வேண்டாம், குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாகவே பாயும். பம்ப் இரவும் பகலும் ஒரே சீராக ஓடும். மக்களோ காலையில் ஒரே நேரத்தில் குளிப்பார்கள், சாயங்காலம் ஒரே நேரத்தில் சமைப்பார்கள், நள்ளிரவில் தூங்கிப்போவார்கள். பம்ப்பின் சீரையும் மனிதர்களின் அவசரத்தையும் சமாதானப்படுத்த நடுவில் ஒரு தொட்டி வேண்டும். இரவில் நிரம்பி விடியலில் வடிகிற தொட்டி. காவிரிப் படுகை தட்டையானது, அதனால் அங்கே சிமெண்டில் கால் கட்டி ஏற்றுகிறோம். சிங்கப்பூரில் ஊருக்கு நடுவிலேயே குன்றுகள் நின்றன.

1878இல் மவுண்ட் எமிலியின் தலையில் நீர்த்தேக்கம் கட்டினார்கள். தாம்சன் சாலையிலிருந்து தண்ணீர் ஏறி வரும், குன்றிலிருந்து ஊருக்குள் இறங்கும். ஐம்பது ஆண்டுகள் இந்தக் குன்றுதான் இந்தத் தீவின் ஊர்த் தொட்டி. இடையில் பெர்ல்ஸ் குன்றின் மேல் இன்னொன்று வந்தது. ராஃபிள்ஸை ஏற்றிவந்த கப்பலின் தலைவர் ஜேம்ஸ் பெர்லின் பெயர் கொண்ட குன்று அது. அதன் பிறகு ஃபோர்ட் கேனிங்.

"அப்படியானால் இங்கே இருந்த தொட்டி என்ன ஆனது?" என்றான் மருமகன். காலால் புல்லைத் தட்டிப் பார்த்தான், அடியில் வெற்றிடம் இருந்தால் சத்தம் காட்டும் என்பதுபோல.

"அதில் நான் நீந்தியிருக்கிறேன்" என்றேன்.

பொய் சொல்கிறேன் என்றுதான் நினைத்தான். ஆனால் நடந்தது அதுதான். ஃபோர்ட் கேனிங்கில் பெரிய தேக்கம் தயாரானதும், 1929இல் மவுண்ட் எமிலிக்கு வேலை போய்விட்டது. மேட்டில் ஒரு பெரிய காலித் தொட்டி. இடிப்பதற்கும் செலவு. முனிசிபலில் யாருக்கோ ஒரு நல்ல யோசனை தோன்றியிருக்கிறது. 1931 ஜனவரியில் அதையே நீச்சல் குளமாக மாற்றித் திறந்துவிட்டார்கள். சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் அதுதான். அரசு அலுவலகங்கள் எடுத்த முடிவுகளில் இத்தனை குறும்பான முடிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்பா பத்து வயதில் அங்கே நீந்தக் கற்றார். தாத்தா அனுமதிக்கவில்லை, அதனால் தாத்தாவுக்குத் தெரியாமல். நான் பதினொரு வயதில் அப்பாவே அழைத்துப்போய்க் கற்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை. சிராங்கூன் சாலையிலிருந்து நடை. உடுப்பைப் போட ஒரு கம்பிக் கூடை கொடுப்பார்கள், எண் போட்ட ஒரு தகட்டை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். மரங்கள் சூழ்ந்த மேடு என்பதால் காலையில் தண்ணீர் சில்லென்று இருக்கும். குளோரின் வாடை மூக்குக்குள் ஏறி மாலை வரை இறங்காது. அப்பா கரையில் நின்று கையைக் கட்டிக்கொண்டு, "பயப்படாதே, ஊரே குடித்த தண்ணீர் இருந்த இடம்தான் இது" என்பார். அது எனக்கு எந்த விதத்திலும் தைரியம் தரவில்லை. நிறையப் பேர் குடித்த தொட்டிக்குள் கால் வைக்கிறோமே என்ற கூச்சம்தான் வந்தது. ஒரு முறை தண்ணீர் குடித்து மூச்சுத் திணறி மேலே வந்தபோது, அப்பா மிகச் சாதாரணமாக, "குடிதண்ணீர்தானே" என்றார்.

நீந்தி முடித்து இறங்கினால் தேக்காவில் தோசை. ஈரத் தலையோடு, கண் சிவந்து, எதைச் சாப்பிட்டாலும் ருசிக்கும் அந்தப் பசியை நான் பிறகு எந்தக் குளத்திலிருந்து ஏறியும் அடையவில்லை.

1981இல் குளத்தை மூடினார்கள். அப்போது எனக்குப் பதினான்கு வயது. பிறகு இடித்து, நிரப்பி, புல் வைத்துப் பூங்கா ஆக்கினார்கள். மூடும் செய்தி கேட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தொட்டி தொட்டியாக இருப்பதை நிறுத்தியது அவர் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்னால். அதன் பிறகு அரை நூற்றாண்டு கிடைத்ததெல்லாம் அவர் கணக்கில் உபரி.

மவுண்ட் எமிலியிலிருந்து இறங்கி ஃபோர்ட் கேனிங்குக்குப் போனோம். மருமகனுக்கு வேகம் வந்துவிட்டது, எனக்கு மூச்சு வாங்கியது.

அந்தக் குன்றின் பழைய மலாய்ப் பெயர் புக்கிட் லாரங்கான், தடுக்கப்பட்ட குன்று. பழைய அரசர்கள் புதைந்திருக்கும் இடம் என்று பயந்து மக்கள் ஏறமாட்டார்களாம். ஆங்கிலேயர் ஏறினார்கள், வீடு கட்டினார்கள், 1859இல் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். கோட்டையின் காலமும் போனபின் உச்சியைத் தோண்டித் தண்ணீரை வைத்தார்கள். இப்போதும் அந்தத் தேக்கம் அங்கே இருக்கிறது. மேலே மூடி, சுற்றிலும் வேலி போட்டு, உள்ளே போகக்கூடாது என்ற பலகையோடு. எழுநூறு ஆண்டு கழித்தும் குன்றின் உச்சி தடுக்கப்பட்டதாகவே இருக்கிறது.

"ஏன் மூடி வைத்திருக்கிறார்கள்?"

"வெயில் பட்டால் பாசி பிடிக்கும். பறவை எச்சமிடும். சுத்திகரித்து முடிந்த தண்ணீர் அது."

"எங்கள் தொட்டியில் மூடி உடைந்து மூன்று வருடம் ஆகிறது" என்றான், ஏதோ தன் தவறுபோல.

அந்தத் தேக்கத்துக்காக 1926இல் தோண்டும்போதுதான் தங்கம் கிடைத்தது. கூலியாட்களின் மண்வெட்டியில் பட்டது. கைவளை, காதணிகள், மோதிரம். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஜாவா பாணி நகைகள். போர்க்காலத்தில் சில தொலைந்துபோயின. மிஞ்சியவற்றைத் தேசிய அரும்பொருளகத்தில் பார்க்கலாம். கைவளையில் ஒரு முகம் முறைத்துக்கொண்டிருக்கும். நம் கோயில்களில் தோரணத்தின் உச்சியில் பிதுங்கிய கண்ணோடு இருக்குமே, கீர்த்திமுகம், அதே குடும்பம். ராஃபிள்ஸ் வந்த பிறகுதான் சிங்கப்பூருக்கு வரலாறு தொடங்கியது என்று பேசுபவர்களின் வாயை அடைக்க அந்த ஒரு கைவளை போதும். அதைத் தேடிப் போனவர் யாரும் இல்லை. அவர்கள் தோண்டியது தண்ணீருக்கு.

அந்தக் கூலியாட்களில் என் தாத்தா ஒருவர் என்று எழுத எனக்கு ஆசைதான். கட்டுரைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியது 1937இல். பினாங்கு வழியாக வந்து, செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் கிடந்து, பிறகுதான் ஊருக்குள் வந்தார். முனிசிபலில் அவர் முதலில் தோண்டியது குழாய் பதிக்கும் பள்ளம். தங்கம் எதுவும் கிடைத்ததாகச் சொன்னதில்லை.

தேக்கத்துக்கு வெகு அருகில், அதே குன்றின் வயிற்றுக்குள், போர்க்காலத்துப் பாதாள அறைகள் இருக்கின்றன. பேட்டில்பாக்ஸ் என்கிறார்கள். 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் அங்கேதான் தன் அதிகாரிகளைக் கூட்டினார். ஜப்பானியரிடம் சரணடையும் முடிவு அந்த அறையில் எடுக்கப்பட்டது. ஜனவரி 31ஆம் தேதி எதிர்க்கரை மலாய் மாநிலமான ஜோகூருக்குப் போகும் பாலத்தைப் பிரிட்டிஷாரே தகர்த்தபோது, ஜோகூரிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் சேர்ந்து போனது. தீவின் நீர்த்தேக்கங்களை ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள். அதைவிட மோசம் ஊருக்குள். குண்டு விழுந்து குழாய்கள் எங்கெங்கோ உடைந்து, பம்ப் செய்த தண்ணீரில் பெரும்பகுதி தெருவிலும் சாக்கடையிலும் ஓடியது. உயரத்தில் வைத்த தண்ணீருக்கு ஒரே குணம்தான், இறங்குவது. ஓட்டைக்கும் இறங்கும், அடுக்களைக்கும் இறங்கும். தண்ணீர் இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ என்ற கணக்கு, அந்தக் காலை பெர்சிவலின் முன் வைக்கப்பட்ட காரணங்களில் முக்கியமான ஒன்று. வெடிமருந்தும் பெட்ரோலும் குறைந்திருந்தன என்பதும் உண்மை. ஆனால் வடிந்துகொண்டிருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் இல்லை என்று முடிவெடுத்த அந்தக் காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் வேலையே அந்த ஒழுக்கைத் தேடுவதுதான். குழாய்ப் பிரிவில் சில ஆண்டுகள் அவர் இரவு ஷிஃப்டில் இருந்தார். ஊர் அடங்கியபின், ஒன்றரை இரண்டு மணிக்கு, சைக்கிளில் போவார். கையில் ஒரு கோல். ஏறக்குறைய ஆள் நெஞ்சுயரம், ஒரு முனையில் காது வைக்கக் கிண்ணம்போல ஒரு குழிவு. மறுமுனையை வால்வின் தலையில் ஊன்றி, குனிந்து, காதை வைத்துக் கேட்பார். நல்ல குழாய் இரவில் ஊமை. ஒழுகும் குழாய் பேசும். வெடிப்பு சின்னதாக இருந்தால் மெல்லிய சீறல், பெரிதாக இருந்தால் பானையில் அரிசி கொதிக்கிற சத்தம் என்பார். ஒரு வால்வில் கேட்டு, அடுத்த வால்வுக்குப் போய்க் கேட்டு, எங்கே சத்தம் பெருக்கிறதோ அங்கே சாலையில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வருவார். காலையில் ஆட்கள் வந்து தோண்டுவார்கள். இரவில்தான் கேட்க முடியும், ஏனென்றால் அப்போதுதான் வீடுகளில் குழாய் மூடியிருக்கும், தொட்டியின் முழு அழுத்தமும் குழாயில் நிற்கும். உயரத்தை அவர் காதால் அளந்தார் என்று நான் ஒருமுறை பெரிதாகச் சொன்னபோது, "தூக்கம்தான் போனது" என்றார்.

1963இல் வறட்சி. ஏப்ரல் முதல் மறு ஆண்டு பிப்ரவரி வரை தண்ணீர்ப் பங்கீடு. எந்த வட்டாரத்துக்கு எப்போது தண்ணீர் நிற்கும் என்று அட்டவணை போட்டார்கள். அப்பா இப்போது திறப்பவர் அல்லர், மூடுபவர். நீளமான டி வடிவச் சாவியைத் தரைக்குள் இறக்கி, இருவர் சேர்ந்து சுற்றி, ஒரு தெருவையே நிறுத்திவிட்டுத் திரும்பும்போது வாசலில் நிற்கும் பெண்களின் கண்ணைப் பார்க்க மாட்டாராம். அம்மா அவரை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான், வாளியோடு நின்று திட்டினார் என்பது அப்பாவின் கதை. அம்மா இன்றுவரை மறுக்கிறார். திட்டியதை மறுக்கவில்லை, முதன்முதலில் பார்த்தது அதற்கு முன்பே என்கிறார்.

மற்றவை எல்லாருக்கும் பள்ளியில் சொல்லிக் கொடுத்தவை. 1927இல் ஜோகூர் சுல்தானோடு ஒப்பந்தம், பூலாய் மலையிலிருந்து தண்ணீர். 1961, 1962 ஒப்பந்தங்கள், இரண்டாவது 2061இல் முடிகிறது. 2003இல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் புதுநீர், 2005இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2008இல் மரினா அணைக்கட்டு. தண்ணீர் வரும் நான்கு வழிகளை நான்கு தேசியக் குழாய்கள் என்று சின்னப் பிள்ளையும் விரல் விட்டு எண்ணும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் இந்த ஊருக்கு இருக்கும் கவலை நியாயமானது. எப்படி மேலே ஏறுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஃபோர்ட் கேனிங்கின் அடிவாரத்துச் சாலைக்குப் பெயரே டேங்க் ரோடு. அந்தப் பெயரைச் சொன்னால் நமக்குக் காவடியும் அங்கே கோயில் கொண்டிருக்கும் தண்டாயுதபாணியும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

மாலையில் வீடு திரும்பியபோது லிஃப்ட் வாசலில் நகர மன்றத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மறுநாள் மொட்டைமாடித் தொட்டி கழுவுகிறார்கள், சில மணி நேரம் தண்ணீர் மங்கலாக வரலாம். மருமகன் நின்று படித்தான். அவனுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. அடுக்குமாடிகள் குன்றுகளைவிட உயர்ந்துவிட்டன, அதனால் கீழே பம்ப் வைத்துக் கூரைத் தொட்டிக்கு ஏற்றி அங்கிருந்து இறக்குகிறார்கள் என்று சொன்னேன்.

"அப்படியானால் ஒவ்வொரு கட்டடமும் ஒரு தண்ணீர்த் தொட்டிதான் மாமா. உள்ளே ஆட்களைக் குடிவைத்திருக்கிறார்கள்."

நான் இத்தனை வருடம் இங்கே இருந்தும் அப்படி நினைத்ததில்லை.

அன்றிரவு அவன் அத்தானுக்குப் படங்கள் அனுப்பினான். ஃபோர்ட் கேனிங் வேலியைப் படம் எடுக்க வேண்டாம் என்று நான் தடுத்திருந்தேன், பலகையைப் பார்த்த பயம். அதனால் போனது எல்லாம் மவுண்ட் எமிலி படங்கள். புல்வெளி, மரம், பெஞ்சில் நான். கீழே, '1878இல் கட்டிய தண்ணீர்த் தொட்டி, ஐம்பது வருடம் ஊருக்கே தண்ணீர் கொடுத்தது' என்று எழுதியிருந்தான்.

பதில் வர அரை மணி நேரம் ஆனது. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பார்த்திருப்பார்.

'பூங்கா நன்றாக இருக்கிறது. மாமா இளைத்துவிட்டார். தொட்டி எங்கே?'